தபலாக்காரரின் பெயர்

பீட்டில்ஸ் என்றதும் உங்களுக்கு ‘யெஸ்டர்டே’ அல்லது ‘ஹே ஜூட்’ நினைவுக்கு வரலாம். எனக்கோ ஒரு தபலாக்காரர்தான் நினைவுக்கு வருவார். அவர் பெயர் அனில் பாக்வத்.

1966 ஆகஸ்டில் வெளிவந்தது ‘ரிவால்வர்’ இசைத்தட்டு. ஒலிநாடாவைத் தலைகீழாக ஓடவிட்டும் குரலை உருமாற்றியும் கனவு போன்ற சைக்கடெலிக் இசைக்குள் அந்த நால்வரும் நுழைந்த காலம் அது. அதிலுள்ள 14 பாடல்களில் ‘எலினோர் ரிக்பி’யும் ‘யெல்லோ சப்மரின்’னும் பேர் வாங்கிவிட்டன. நான்காவதாக வரும் ‘லவ் யூ டு’வை அதிகம் பேர் கேட்டதில்லை. ஜார்ஜ் ஹாரிசன் எழுதிப் பாடிய மூன்று நிமிடப் பாட்டு அது. ஸ்கூடாயிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் காலை நேரத்தில், பாலத்து நெரிசலில் பேருந்து நிற்கும்போது நான் விரும்பிக் கேட்பது அதைத்தான்.

முந்தைய ஆண்டு ‘நார்வீஜியன் வுட்’ பாட்டில் சிதார் ஓர் அலங்காரமாகவே வந்து போனது. இந்தப் பாட்டிலோ கட்டடமே நம்முடையது. தொடக்கத்தில் தாளமில்லாமல் சிதார் மெல்ல உலவும். நம் ஆலாபனையைப் போல. பிறகு தபலா சேர, பாட்டு தொடங்கும். முடிவில் வேகம் கூடிக்கொண்டே போய் ஒலி தேய்ந்து மறையும். அடியில் தம்புராவின் சுருதி. சுரவரிசை கரகரப்பிரியாவுக்கு உரியது. கர்நாடக இசை கேட்டுப் பழகிய வீட்டில் இதைப் போட்டுப் பாருங்கள், பாட்டி கூடத் தலையாட்டுவார்.

அந்தத் தபலாவை வாசித்தவர்தான் பாக்வத். லண்டனில் இயங்கிய ஆசிய இசை வட்டத்தின் மூலம் அவருக்கு அழைப்பு வந்தது. யாருக்கு வாசிக்கப் போகிறோம் என்பதே அவருக்குத் தெரியாதாம். வீட்டு வாசலுக்கு ரோல்ஸ் ராய்ஸ் கார் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்ததாகப் பின்னாளில் சொன்னார். அபே ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தின் முன் ரசிகைகள் கூடியிருந்தார்கள். ஹாரிசனோடு சிறிது நேரம் ஒத்திகை, பிறகு 16 மாத்திரைத் தாளத்தில் வாசிப்பு. இசைத்தட்டின் உறையில் அவர் பெயர் அச்சானது. வெளியிலிருந்து வந்து வாசித்தவர்களில் மிகச் சிலருக்கே அந்த உறையில் இடம் கிடைத்தது. அது அவருக்குப் பெருமை.

அடுத்த ஆண்டே நிலைமை மாறியது. 1967இல் வந்த ‘சார்ஜண்ட் பெப்பர்’ தட்டில் ஹாரிசனின் ‘விதின் யூ விதவுட் யூ’ பாட்டுக்கு லண்டன்வாழ் இந்தியக் கலைஞர்கள் தில்ருபா, தபலா, தம்புரா வாசித்தார்கள். உறையில் ஒருவர் பெயரும் இல்லை. நட்வர் சோனி, புத்ததேவ் கன்சாரா, அன்னா ஜோஷி, அம்ரித் கஜ்ஜார் ஆகியோரின் பெயர்கள் பரவலாக வெளியே தெரிய 2017 ஆகிவிட்டது. உலகமே கேட்ட வாசிப்பு, அரை நூற்றாண்டாகப் பெயரில்லாமலே ஒலித்தது.

கச்சேரி அழைப்பிதழில் பாடகரின் பெயருக்குக் கீழே வயலின், மிருதங்கம், கடம் என்று வரிசையாகப் பெயர் போடுவது நம் வழக்கம். கோயில் திருவிழா நோட்டீசில் நாதஸ்வர, தவில் வித்துவான்களின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து வளர்ந்தவன் நான். இன்று கைப்பேசியில் பாட்டுக் கேட்கும்போது பாடகர், இசையமைப்பாளர் பெயரோடு பெரும்பாலும் திரை முடிந்துவிடுகிறது. வாசித்தவர் யார் என்று தேடிப் போனால்தான் உண்டு.

நம் பிள்ளைகள் பலர் இன்று மிருதங்கமும் தபலாவும் கற்கிறார்கள். உருமி மேளக் குழுக்களில் வாசிக்கிறார்கள். அவர்கள் வாசித்ததைக் காணொளியாகப் பகிரும்போது கீழே பெயரையும் எழுதுங்கள். ஆலய விழாவில் நன்றியுரை சொல்பவர் ‘இசைக்குழுவினருக்கு நன்றி’ என்று ஒரே வரியில் முடிக்காமல், ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கட்டும். அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.