பார்த்த வேலைக்கு 'கிரெடிட்' கிடைக்குமா? கல்லூரி மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

"ரெண்டு வருஷமா ஸ்டோர் கணக்கு நான்தான் பார்க்கிறேன். அதே அடிப்படைக் கணக்கியலை காலேஜ்ல முதல்ல இருந்து படிக்கணுமா?"

செனாய் தொழிற்பேட்டையில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் ஓர் இளைஞர் இப்படிக் கேட்டால், அது நியாயமான கேள்விதான். ஒரு பாடம் குறைந்தால் கட்டணமும் குறையலாம், நேரமும் மிச்சமாகும். மலேசியாவில் இதற்கு முறையான வழிகள் உண்டு. ஆனால் எதுவும் தானாகக் கிடைக்காது, நாம்தான் கேட்க வேண்டும்.

கிரெடிட் என்றால் என்ன?

உயர்கல்வித் தரத்தைக் கண்காணிப்பது 2007-இல் தொடங்கப்பட்ட மலேசியத் தகுதி முகமை, அதாவது எம்.கியூ.ஏ. அதன் கணக்குப்படி 1 கிரெடிட் என்பது சுமார் 40 மணி நேரக் கற்றல். 3 கிரெடிட் பாடம் என்றால் 120 மணி நேரம்.

விரிவுரையில் உட்காரும் நேரம் மட்டுமல்ல, சுயமாகப் படிப்பது, பயிற்சி செய்வது, தேர்வு எழுதுவது எல்லாம் இந்த 40 மணி நேரத்தில் அடங்கும். அதனால்தான் வகுப்புக்கு வெளியே கற்றதையும் கிரெடிட்டாக மாற்ற முடிகிறது.

வழி 1: ஏப்பல்.சி

முன் அனுபவத்தால் கற்றதை மதிப்பிட்டு கிரெடிட் தரும் முறை இது. ஏற்கெனவே ஒரு படிப்பில் சேர்ந்துள்ள மாணவர்களுக்கானது. ஸ்டோர் கணக்கு பார்க்கும் அந்த இளைஞர் முயல வேண்டியது இதைத்தான்.

இதில் இரண்டு விதமான மதிப்பீடு உண்டு. ஒன்று, அந்தப் பாடத்துக்கான 'சேலஞ்ச் டெஸ்ட்'. மற்றொன்று 'போர்ட்ஃபோலியோ', அதாவது ஆதாரத் தொகுப்பு. முதலாளியின் கடிதம், வேலை விவரம், பயிற்சிச் சான்றிதழ், செய்த வேலையின் மாதிரிகள் ஆகியவற்றை அதில் சேர்க்கலாம்.

"ரெண்டு வருஷம் வேலை பார்த்தேன்" என்று சொன்னால் மட்டும் போதாது. அந்தப் பாடம் எதிர்பார்க்கும் திறன் ஒவ்வொன்றும் உங்களிடம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். கிரெடிட் கிடைப்பது வேலை பார்த்த காலத்துக்கு அல்ல, அதில் கற்றுக்கொண்டதற்கு.

எல்லாப் பாடத்தையும் இப்படிக் கழித்துவிடவும் முடியாது. உச்சவரம்பு, படிப்பின் மொத்த கிரெடிட்டில் 30 விழுக்காடு. 120 கிரெடிட் கொண்ட இளங்கலைப் பட்டம் என்றால் 36, 90 கிரெடிட் டிப்ளோமா என்றால் 27.

வழி 2: இணையப் பாடம்

'மூக்' எனப்படும் திறந்த இணையப் பாடங்களை மலேசியப் பொதுப் பல்கலைக்கழகங்கள் 2014-இல் தொடங்கின. இன உறவு, தொழில்முனைவு போன்ற பாடங்கள் முதலில் வந்தன. இப்படிப் படித்ததை கிரெடிட்டாக மாற்றும் வழிகாட்டி 2016-இல் வந்தது. சிறு சிறு பாடங்களாகப் படித்துச் சேர்க்கும் 'மைக்ரோ-கிரெடென்ஷியல்' முறைக்கு 2020-இல் வழிகாட்டி வெளியானது.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். காசு கட்டிச் சான்றிதழ் வாங்கிய பிறகு, "இதை ஏத்துக்குவீங்களா?" என்று கல்லூரியைக் கேட்கிறார்கள். முதலில் கேளுங்கள், பிறகு சேருங்கள்.

வழி 3: தொழிற்பயிற்சி

'லத்திஹான் இண்டஸ்ட்ரி' பெரும்பாலும் பாடத்திட்டத்திலேயே இருக்கும். பொதுவாக 2 வாரப் பயிற்சிக்கு 1 கிரெடிட். 2 ஆண்டு வளாகத்திலும் 2 ஆண்டு நிறுவனத்திலும் படிக்கும் '2யு2ஐ' படிப்புகளும் உள்ளன.

செனாய், கூலாய், ஸ்கூடாய் வட்டாரத்தில் தொழிற்சாலைகளும் விமான நிலையமும் அருகிலேயே இருப்பது நமக்கு வசதி. ஆனால் விடுமுறையில் பார்த்த பகுதிநேர வேலை தொழிற்பயிற்சி ஆகிவிடாது. கல்லூரியின் முன் அனுமதி, மேற்பார்வையாளர், அறிக்கை எல்லாம் வேண்டும்.

விண்ணப்பிக்கும் முன் கேட்க வேண்டியவை

• என் படிப்புக்கு ஏப்பல்.சி உண்டா? எந்தெந்தப் பாடங்களுக்கு?

• மதிப்பீட்டுக் கட்டணம் எவ்வளவு? பாடக் கட்டணத்தில் எவ்வளவு மிச்சமாகும்?

• கிரெடிட் மட்டுமா, கிரேடும் உண்டா? கிரேடு இல்லையென்றால் அந்தப் பாடம் சி.ஜி.பி.ஏ.-வை உயர்த்த உதவாது.

• பி.டி.பி.டி.என். கடன் வாங்கியிருந்தால், ஒரு பருவத்தில் பாடம் குறைவது அதைப் பாதிக்குமா?

• பொறியியல், தாதிமை போன்ற துறைகளில் தொழில்முறை வாரியத்தின் விதி என்ன?

பதில்களை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் வாய்மொழியாகச் சொன்னது, பட்டம் வாங்கும் நேரத்தில் கைகொடுக்காது.

இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வேலையிடத்தில் கிடைக்கும் கடிதம், பயிற்சிச் சான்றிதழ், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் சேர்த்து வையுங்கள். வேலையை விட்ட பிறகு தேடினால் கிடைப்பது கஷ்டம்.