மனந்திரும்புதலும் மன்னிப்பும்: அண்ணாமலைச் சூழலில் ஒரு சொல்லாய்வு

கிறித்தவத் திருமறையுள் லூக்கா எழுதிய நற்செய்தி, தன் இறுதி அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த இயேசு தம் மாணாக்கர்க்கு ஒப்புவித்த பணி ஒன்றைக் கூறுகின்றது. மனந்திரும்புதல், பாவமன்னிப்பு ஆகிய இரண்டும் எருசலேமில் தொடங்கி எல்லா நாட்டார்க்கும் அறிவிக்கப்படல் வேண்டும் என்பதே அப்பணி (24:47). இவ்விரு கருத்துகளும் தமிழில் எச்சொற்களால் வழங்கலாயின, அச்சொற்கள் முன்னரே என்ன பொருள் சுமந்திருந்தன, இவ்விரண்டனுள் முந்துவது யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வின் களமாகத் திருவண்ணாமலைச் சூழலை எடுத்துக்கொண்டோம். கழிவிரக்கத்திற்கு அருணகிரிநாதர் வரலாறும், பொறைக்கு அண்மையிலுள்ள திருக்கோவலூர் மெய்ப்பொருள் நாயனார் வரலாறும், அண்மைக்காலச் சான்றாக ரமணாசிரமத்தில் 1924இல் நிகழ்ந்ததொரு நிகழ்ச்சியும் இச்சூழலிலேயே ஒருங்கு கிடைக்கின்றன. டேனிய மிஷன் பள்ளியும் இவ்வூரில் உண்டு. அம்மிஷனின் பணி வழிவந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபையும் இவ்வட்டாரத்திற்கு உரியது. ஆகலின் இரு மரபுகளும் அருகருகே நின்ற களம் இது.

1. திரும்புதலும் மாறுதலும்

லூக்கா ஆண்ட கிரேக்கச் சொல் 'மெட்டநோய்யா' என்பது. எண்ணம் மாறுதல், உள்ளம் வேறுபடுதல் என்பன அதன் நேர்பொருள். அதற்கு முற்பட்ட எபிரேய மரபிலோ 'ஷூவ்' என்னும் வினை பெருவழக்கினது; விட்டு நீங்கிய இடத்திற்கு மீண்டு வருதலை அது குறிக்கும். முன்னது உள்ளத்தைச் சுட்ட, பின்னது வழியைச் சுட்டுகின்றது. 'மனந்திரும்புதல்' என்னும் தமிழ்த்தொடரில் 'மனம்' என்பது கிரேக்கச் சொல்லின் பொருளையும், 'திரும்புதல்' என்பது எபிரேயச் சொல்லின் பொருளையும் தழுவி நிற்றல் காண்க.

சீகன்பால்கு 1706இல், அந்நாளில் டேனிய ஆட்சியில் இருந்த தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அவர்தம் புதிய ஏற்பாடு 1715இல் அச்சில் நிறைவுற்றது. அதன்பின் இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்க் கிறித்தவர் இக்கருத்துக்குச் சொல் தேடி வந்துள்ளனர். கத்தோலிக்கர் 'உத்தம மனஸ்தாபம்' என்றனர். இன்று பேச்சு வழக்கில் 'மனஸ்தாபம்' இருவரிடை எழும் பிணக்கையே குறிக்கின்றது. அன்று அது தான் செய்த பிழையால் தன் மனம் வெதும்புதலைக் குறித்தது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'மனம் மாறுதல்' என்னும் தொடரை ஆள்கின்றது. வெதும்பல், திரும்பல், மாறல் என்னும் மூன்றும் ஒருபொருட் கிளவிகள் அல்ல. வெதும்பியவன் நின்ற இடத்திலேயே நிற்றலும் கூடும்.

இவ்வேறுபாட்டைத் திருக்குறளிலும் காணலாம். வினைத்தூய்மை அதிகாரத்து 655ஆம் குறள், பின்னர் இரங்குதற்குரிய செயலைச் செய்யாதே என விலக்கி, ஒருகால் செய்தானாயின் கொள்ளவேண்டிய நெறியையும் கூறுகின்றது. அதன் இறுதிப் பகுதிக்கு உரையாசிரியர் இருவகையாகப் பொருள் கொள்வர். மீண்டும் அத்தகைய செயலைச் செய்யாமை நன்று என்பது ஓர் உரை. பின்னிருந்து இரங்கிக் கொண்டிராமை நன்று என்பது மற்றோர் உரை. எவ்வுரை கொள்ளினும், வெற்று இரக்கத்தோடு வள்ளுவர் அமையவில்லை என்பது தெளிவு.

அருணகிரிநாதர் பற்றிய செவிவழி வரலாறும் இதற்கு அரண் செய்கின்றது. இளமையை வீணே கழித்தமைக்கு நொந்து, அண்ணாமலைக் கோயிற் கோபுரத்தினின்று அவர் வீழ்ந்தார் என்றும், முருகன் தாங்கினான் என்றும் கூறுவர். வீழ்ச்சியோடு அவ்வரலாறு முடிந்திருப்பின் அது கழிவிரக்கக் கதையாகவே நின்றிருக்கும். தாங்கப்பெற்றவர் பாடினார் என்பதனால் அது திரும்புதற் கதை ஆயிற்று.

2. விடுதலும் பொறுத்தலும்

இனி, மன்னிப்பு. லூக்காவின் சொல் 'ஆபெசிஸ்'. விட்டுவிடுதல், அவிழ்த்துவிடுதல் என்பது அதன் பொருள். அதே நூலின் 4ஆம் அதிகாரத்தில் சிறைப்பட்டோர் பெறும் விடுதலைக்கும் அச்சொல்லே வருகின்றது. தமிழில் பண்டைய வழக்கு 'பொறுத்தல்' என்பது. பழைய நூல்களில் 'மன்னுதல்' நிலைபெறுதலைக் குறித்தது; பிழை பொறுத்தற் பொருளில் 'மன்னித்தல்' வழங்குவது பிற்காலத்தது. அதன் தோற்றம் பற்றி அறிஞரிடைக் கருத்து வேறுபாடு உண்டு.

கிரேக்கச் சொல் பிழைசெய்தான்மேல் உள்ள சுமை இறங்குதலைக் கூறுகின்றது. தமிழ்ச்சொல் பிழைக்கப்பட்டான் அச்சுமையைத் தான் தாங்குதலைக் கூறுகின்றது. பொறையுடைமை அதிகாரத்தின் முதற் குறள், தன்னை அகழ்வாரைத் தாங்கும் நிலத்தை உவமையாக்குவது இப்பொருள் பற்றியே. 'க்ஷமா' என்னும் வடசொல்லும் பொறுமை, நிலம் ஆகிய இரண்டனையும் குறித்தல் ஒப்புநோக்கத் தக்கது. ஒருவன் விடுபடல் வேண்டுமாயின் மற்றொருவன் பொறுத்தல் வேண்டும். எனவே இரு சொற்களும் ஒரே செயலின் இரு பக்கங்கள் எனல் தகும்.

பண்டைத் தமிழர் 'கழுவாய்' என்பதனையும் அறிந்திருந்தனர். ஆலத்தூர் கிழார் பாடிய புறநானூற்று 34ஆம் பாட்டு, ஆவின் முலையறுத்தல், கருச்சிதைத்தல் முதலிய கொடுமைகட்கும் கழுவாய் உண்டு எனக் கூறிச் செய்ந்நன்றி கொன்றார்க்கு மட்டும் உய்தி இல்லை என வரையறுக்கின்றது. கழுவாய் பிழைசெய்தான் தன் செயலால் தேடுவது. மன்னிப்போ பிறர் அளிப்பது. இவ்வேறுபாட்டை மயங்கவிடல் ஆகாது.

3. இடைச்சொல் ஒன்றின் வேறுபாடு

லூக்காவின் தொடரில் இவ்விரண்டையும் இணைக்கும் சொல் சுவடிக்குச் சுவடி வேறுபடுகின்றது. சில சுவடிகளில் 'காய்' என்னும் சொல் உள்ளது; அது நம் எண்ணும்மையை ஒக்கும். தொன்மை மிக்க வேறு சிலவற்றில் 'எய்ஸ்' என்பது உள்ளது. அதற்குப் 'பொருட்டு' எனப் பொருள் கொள்ளலாம். பவர் குழுவினரால் 1871இல் நிறைவுற்ற மொழிபெயர்ப்பு 'மனந்திரும்புதலும் பாவமன்னிப்பும்' என உம்மை கொடுத்து, முன்னைய பாடத்தைத் தழுவியது. 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பு, மன்னிப்புப் பெறுதற்காக மனம் மாறுக என்னும் கருத்துப்பட அமைந்து, பின்னையதைத் தழுவியது.

இது சிறு வேறுபாடன்று. எண்ணும்மை இரண்டையும் நிகராக வைக்கின்றது, முன்பின் கூறவில்லை. 'பொருட்டு' என்பதோ முன்னதைப் பின்னதற்கு வாயிலாக்குகின்றது. அவ்வாறாயின், மனந்திரும்பாதவனை மன்னித்தல் கூடுமா என்னும் வினா எழுகின்றது. அதே நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில், கெட்டழிந்து மீளும் மகனைத் தந்தை தொலைவிலேயே கண்டு ஓடித் தழுவிக்கொள்கின்றான். மகன் தன் பிழையைச் சொல்வது அதன் பின்னரே. மகன் திரும்பி நடந்தமையும் உண்மை; தழுவல் அவன் சொல்லை முந்தியமையும் உண்மை.

4. கோவலூரும் ஆசிரமமும்

இவ்வினாவுக்கு இச்சூழலில் கிடைக்கும் விடைகள் இரண்டு. சேக்கிழார் கூறும் மெய்ப்பொருள் நாயனார், அடியார் வேடம் பூண்டு ஏட்டுக்கட்டில் மறைத்த படையால் தம்மைக் குத்திய முத்தநாதனைக் கொல்லவிடவில்லை. வாயிற்காவலன் தத்தனைத் துணைவிட்டு, அவனை ஊர் எல்லை கடத்துவித்தார். அவன் தீங்கின்றிப் போயினான் என்னும் செய்தி கேட்டபின்னரே உயிர்நீத்தார். முத்தநாதன் இரங்கியதாகப் புராணம் கூறவில்லை.

இப்பெரியபுராணத்தை மதுரையில் இளமையிலே படித்து உருகியவர் ரமணர். அவர் கற்றது அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியில். 1896ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் அவர் அண்ணாமலையை அடைந்ததும் திருக்கோவலூர் வழியாகவே. 1922இல் அன்னையார் மறைந்தபின் மலையின் தென்னடிவாரத்தில் ஆசிரமம் உருவாயிற்று. அங்கு 1924 சூன் 26ஆம் நாள் இரவு கள்வர் புகுந்தனர். வேண்டுவன எடுத்துக்கொள்ளுமாறு கூறிய ரமணரின் இடத்தொடையில் அடித்தனர். மனநிறைவு இல்லையேல் மற்றைத் தொடையிலும் அடிக்கலாம் என்றார் அவர். அன்பர் ஒருவர் சினந்து எழ, சாதுக்களின் அறத்தைக் கைவிடலாகாது எனத் தடுத்து, நாவைக் கடித்ததென்று பல்லைத் தகர்ப்பார் உண்டோ என்னும் கருத்துப்பட வினவினார் என வாழ்க்கை வரலாறு கூறும். தமக்கும் 'பூசை' கிடைத்தது எனச் சிலேடையாக அவர் கூறியதும் அறியத்தக்கது. வழிபாட்டையும் அடியையும் குறிக்கும் அச்சொல்லில் பகை சிறிதும் இல்லை.

இரு நிகழ்ச்சிகளிலும் பொறை, திரும்புதலுக்குக் காத்திருக்கவில்லை. ஆயினும் இவற்றைக் கிறித்தவ மன்னிப்போடு ஒன்றெனக் கூறின் அது ஆராய்ச்சி ஆகாது. நாயனார் பொறுத்தது வேடத்தின்மேல் வைத்த பத்தியால். ரமணரின் பல்லும் நாவும் என்னும் உவமை, அடித்தவனும் அடிபட்டவனும் ஓருடம்பின் உறுப்புகளாதலைக் காட்டுகின்றது. அங்கு மன்னித்தற்கு அயலான் இல்லை. லூக்காவிலோ இறைவன் வேறு, பிழைத்தான் வேறு. அறுந்த உறவு மீளக் கட்டப்படுகின்றது. அடிப்படை மூன்றும் வேறு. சுமையைத் தாங்கினவன் பிழைக்கப்பட்டவனே என்பது மட்டும் மூன்றற்கும் பொது.

5. 'எல்லார்க்கும்' என்பது

அறிவித்தற்பணி எருசலேமில் தொடங்கல் வேண்டும் என்றமை ஆழ்ந்து நோக்கத்தக்கது. இயேசுவைக் கொன்ற ஊர் அது. அறிவிக்கச் சென்றாருள் முதல்வரான பேதுருவோ அவரை மும்முறை மறுதலித்தவர். ஆகவே இச்செய்தி தூயோர் தீயோர்க்கு மேலிருந்து கூறும் அறிவுரை அன்று. மன்னிக்கப்பெற்றார் தம்மொத்தார்க்குப் பகிர்வது. இதனை மறந்து, கேட்போரைப் பாவிகள் என்றும் தம்மை நீதியர் என்றும் நிறுத்திப் பேசுவோர், சொல்லைக் காத்துப் பொருளை இழந்தோர் ஆவர்.

பிரெஞ்சுத் துறவியர் மோன்சானினும் லெ சோவும் 1949 சனவரியில் ரமணாசிரமம் வந்து, அடுத்த ஆண்டு குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனம் நிறுவினர். லெ சோ பின்னர் அண்ணாமலைக் குகைகளிலும் தங்கினார். கற்பிக்க வந்த மரபினர் கேட்கவும் அமர்ந்தனர் என்பதற்கு இது சான்று.

கத்தோலிக்கர் முன்பு 'பாவசங்கீர்த்தனம்' என்றதனை இன்று 'ஒப்புரவு' என வழங்குகின்றனர். வள்ளுவர் ஓர் அதிகாரத்திற்குத் தலைப்பாக்கிய சொல் அது. பிழையைச் சொல்லுதலினின்று உறவை ஒப்பச் செய்தலுக்குப் பெயர் நகர்ந்துள்ளது. 'மன்னிப்பு' எளிதில் கேட்கவும் கொடுக்கவும் படும் சொல்லாகிவிட்ட இந்நாளில், 'பொறுத்தல்' என்னும் பழஞ்சொல் ஒன்றை நினைவூட்டுகின்றது: பிழை மறைந்து போவதில்லை, யாரோ ஒருவர் அதனைச் சுமக்கின்றார். அதனைச் சுமக்க முன்வாராதார் பிறரை மனந்திரும்ப அழைத்தல் பொருந்தாது என்பதே இவ்வாய்வின் முடிபாக யாம் கொள்வது.