துருப்பிடித்த நான்கு என்ஜின்கள்

1974 மார்ச். ஸ்காட்லாந்தின் ஈஸ்ட் கில்பிரைடு நகரிலுள்ள ரோல்ஸ்-ராய்ஸ் தொழிற்சாலை. பழுதுபார்க்க வந்த விமான என்ஜின்களைச் சோதித்துப் பார்ப்பது பாப் ஃபுல்டனின் வேலை. அன்று அவர் முன்னால் வந்து நின்ற என்ஜின், சிலி விமானப்படையின் ஹாக்கர் ஹன்ட்டர் விமானத்துக்குரியது. அதே ரக விமானங்கள்தான் ஆறு மாதங்களுக்கு முன், 1973 செப்டம்பர் 11 அன்று, சான்டியாகோவில் லா மொனேடா மாளிகை மீது குண்டு வீசின. மக்கள் தேர்ந்தெடுத்த அதிபர் சால்வடோர் அயெண்டே அன்றே மாண்டார். ஆட்சி ராணுவத் தளபதி பினோசே கைக்குப் போனது.

இதில் கை வைக்க மாட்டேன் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டார் ஃபுல்டன். சக தொழிலாளர்கள் அவர் பக்கம் நின்றார்கள்.

சர்வதேசியம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைப்பது அரிது. ‘சர்வ’ என்பதால் அது உலகம் முழுவதையும் ஒன்றாக்கும் கனவு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சர்வதேசியவாதி நாடுகள் இருப்பதை மறுப்பதில்லை. அடுத்த நாட்டில் அடிபடுகிறவனும் தன் ஆள்தான் என்கிறார். அவனுக்காகத் தன் ஊரில், தன் கைக்கு எட்டிய இடத்தில் ஏதாவது செய்கிறார். ஃபுல்டனின் கைக்கு எட்டியது ஒரு என்ஜின்.

இந்தக் கருத்து அமைப்பாக உருவெடுத்தது 1864 செப்டம்பர் 28 அன்று, லண்டனின் செயின்ட் மார்ட்டின் அரங்கில். ஆங்கிலேய, பிரெஞ்சுத் தொழிலாளர்கள் கூடி அமைத்த அந்தச் சங்கத்தைத்தான் தமிழில் ‘முதல் அகிலம்’ என்கிறோம். அவர்களை உந்தியது நடைமுறைத் தேவையும்தான்: ஒரு நாட்டில் வேலைநிறுத்தம் நடந்தால் முதலாளிகள் இன்னொரு நாட்டிலிருந்து ஆட்களை இறக்கினார்கள். அதைத் தடுக்க எல்லை தாண்டிய தொடர்பு வேண்டியிருந்தது.

பிறகு வந்தது 1914. போர் மூண்டால் சேர்ந்து எதிர்ப்போம் என்று மாநாடுகளில் தீர்மானம் போட்ட சோசலிசக் கட்சிகளுக்கு அதுதான் சோதனை. பிரான்சில் போரைத் தடுக்கப் போராடிய சோசலிசத் தலைவர் ழான் ழோரஸ் ஜூலை 31 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். நான்கே நாளில், ஜெர்மன் நாடாளுமன்றத்தில் சமூக ஜனநாயகக் கட்சி போர்க்கடனுக்கு ஆதரவாக வாக்களித்தது. அந்தக் கட்சிகளின் கூட்டமைப்பான இரண்டாம் அகிலம் சிதறியது. சொந்த நாட்டு அரசு போருக்கு அழைக்கும்போது ‘முடியாது’ என்று சொல்வதுதான் சர்வதேசியத்தின் மிகக் கடினமான பகுதி. பெரிய கட்சிகள் தடுக்கி விழுந்த இடம் அது.

ஈஸ்ட் கில்பிரைடு தொழிலாளர்களும் வேலையைப் பணயம் வைத்துத்தான் மறுத்தார்கள். அவர்கள் தொட மறுத்த நான்கு என்ஜின்கள் தொழிற்சாலையின் பின்புறம், பெட்டிகளோடு திறந்தவெளியில் கிடந்தன. ஸ்காட்லாந்தின் மழையிலும் பனியிலும் நனைந்து துருவேறின. 1978 ஆகஸ்டில் ஒருநாள் இருளோடு இருளாக அவற்றை யாரோ எடுத்துச் சென்றுவிட்டார்கள். தங்கள் மறுப்பால் ஏதாவது பயன் விளைந்ததா என்பது அந்தத் தொழிலாளர்களுக்குப் பல ஆண்டுகள் தெரியாமலே இருந்தது.

சிலியில் சிறைப்பட்டிருந்தவர்களில் சிலருக்கோ அவர்கள் மறுத்த செய்தி அப்போதே எட்டியிருந்தது. 2015இல் ஃபுல்டனையும் அவருடைய தோழர்கள் இருவரையும் சிலி அரசு தன் உயரிய விருதளித்துக் கௌரவித்தது. 2018இல் அவர்கள் கதை ஆவணப்படமாக வந்தது. அந்தப் படத்துக்காக நடந்த தேடலின்போது சிலியில் கண்டெடுக்கப்பட்ட என்ஜின் ஒன்று ஸ்காட்லாந்துக்கே திரும்பி வந்தது.