தாக்கி ஆடவைக்கும் பயிற்சியாளரை எப்படிக் கண்டுபிடிப்பது?

1997 ஜூலை 13. கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் 1,31,000-க்கும் மேற்பட்ட கூட்டம். ஃபெடரேஷன் கோப்பைக் கால்பந்து அரையிறுதியில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதின. பகானின் பயிற்சியாளர் அமல் தத்தா தமது 'டயமண்ட்' என்ற தாக்குதல் ஆட்டமுறையால் முந்தைய சுற்றில் சர்ச்சில் பிரதர்ஸை 6-0 என நொறுக்கியிருந்தார். எதிரணி வீரர்களுக்குப் பட்டப்பெயர் வைத்துக் கேலியும் செய்தார். ஆனால், பி.கே. பானர்ஜி தயார்செய்த ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்றது. பாய்ச்சுங் பூட்டியா மட்டும் மூன்று கோல் அடித்தார்.

தாக்குதல் ஆட்டம் என்றதும் நமக்கு ஃபார்வர்ட்தான் நினைவுக்கு வருகிறார். பார்க்க வேண்டியதோ பின்கள வீரர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதை. பந்தை எதிரணியின் பாதியிலேயே வைத்திருக்க வேண்டுமானால் தடுப்பாட்டக்காரர்களும் நடுக்கோடு வரை ஏறி வர வேண்டும். அப்போது அவர்களுக்கும் கோல்கீப்பருக்கும் நடுவே பெரிய வெற்றிடம் விழும். பூட்டியா போன்ற வேகக்காரருக்கு அது போதும்.

அப்படியானால் புதிய பயிற்சியாளரைத் தேடும் கிளப் எதைப் பார்க்கும்? கோல் கணக்கை மட்டும் பார்த்தால் ஏமாறலாம். செர்ஹியோ லோபெரா பயிற்றுவித்த எஃப்சி கோவா 2017-18 இந்தியன் சூப்பர் லீகின் (ஐஎஸ்எல்) லீக் சுற்றில் 18 ஆட்டங்களில் 42 கோல் அடித்தது. அந்தப் பருவத்தில் ஃபெரான் கோரோமினாஸ் மட்டும் 18 கோல் போட்டார். இதில் பயிற்சியாளரின் பங்கு எவ்வளவு, வீரரின் பங்கு எவ்வளவு?

இதைப் பிரித்துப் பார்க்கத்தான் 'எதிர்பார்ப்பு கோல்' என்ற கணக்கு வந்தது. ஒவ்வொரு ஷாட்டும் எந்த இடத்திலிருந்து, எந்தக் கோணத்தில் அடிக்கப்பட்டது என்று பார்த்து, அது கோலாகும் வாய்ப்புக்கு 0 முதல் 1 வரை மதிப்புப் போடுவார்கள். பெனால்டிக்கு முக்காலுக்குச் சற்று மேல். நடுக்கோட்டருகே இருந்து உதைத்தால் ஏறக்குறைய பூஜ்யம். அடிப்பவர்கள் மாறிய பிறகும் ஓர் அணிக்கு இந்தக் கூட்டுத்தொகை ஆண்டுதோறும் உயர்ந்தே இருந்தால், பாராட்டில் பெரும்பங்கு பயிற்சியாளருக்கு. எதிரணியை எத்தனை பாஸ் போடவிட்டுப் பந்தைப் பறிக்கப் பாய்கிறார்கள் என்றும் எண்ணுவார்கள். எண்ணிக்கை சிறிதாக இருந்தால் அணி எதிரணியின் பாதியிலேயே நெருக்குகிறது என்று பொருள்.

இந்தியாவில் இன்னொரு கணக்கும் உண்டு. 2021-22 முதல் ஐஎஸ்எல்லில் ஓர் அணி ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவரைத்தான் களமிறக்கலாம். மீதி ஏழு பேர் இந்தியர்கள். ஐரோப்பாவில் கற்ற ஆட்டமுறையை இந்த ஏழு பேரின் கால்களுக்கு இறக்கத் தெரிய வேண்டும். என்னைக் கேட்டால் நேர்காணலின் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்க வேண்டும். யாரை ஃபார்வர்டாக வாங்குவீர்கள் என்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

தாக்கினால்தான் கோப்பை என்றும் இல்லை. இறுக்கமான தற்காப்புக்குப் பெயர்போன அந்தோனியோ ஹபாஸ் 2014-இல் கொல்கத்தாவின் ஏடிகேவுக்கு முதல் ஐஎஸ்எல் கோப்பையை வாங்கித் தந்தார். 2020 இறுதிப் போட்டியில் நம் சென்னையின் எஃப்சியை 3-1 என வீழ்த்தி மறுபடியும் வென்றார். மறுபுறம் ஹோசே மொலினாவின் மோகன் பகான், 2024-25 லீக் சுற்றில் 24 ஆட்டங்களில் 47 கோல் அடித்து லீக் முதலிடத்துக்கான ஷீல்டையும், பிறகு கோப்பையையும் சேர்த்தே எடுத்தது. அதே மொலினா 2025 நவம்பரில் விலக, பகான் அழைத்து வந்தவர் லோபெரா.

பகானுக்கு அவர் புதியவர் அல்லர். 2020-21-இல் மும்பை சிட்டியின் பயிற்சியாளராக அவர் ஷீல்டு, கோப்பை இரண்டையும் வென்றார். ஷீல்டை முடிவுசெய்த கடைசி லீக் ஆட்டத்திலும், 2-1 என முடிந்த இறுதிப் போட்டியிலும் தோற்றது, அப்போது ஏடிகே மோகன் பகான் என்ற பெயரில் ஆடிய ஹபாஸின் பகான்தான்.