பாம்பன் நெம்புகோலும் மின்னோடியின் திருப்பு விசையும்

பாம்பன் கால்வாயைக் கப்பல் கடக்கும் நாள்களில் நாம் சிறுவயதில் கரையில் நின்று வேடிக்கை பார்த்ததுண்டு. 1914ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பழைய ரயில் பாலத்தின் செர்சர் தூக்குப் பகுதியைத் திறக்க, ஊழியர்கள் இருபுறமும் நெம்புகோல்களைத் தள்ளிச் சுழற்றுவர். காற்று எதிர்த்தால் அவர்தம் கைகள் அதனை உடனே உணரும். தள்ளும் வேகம் தானே மாறும். 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பெற்ற புதிய பாலத்திலோ, எதிர் எடைகள் பளுவின் பெரும்பகுதியைத் தாங்க, 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதியை மின்னோடிகள் செங்குத்தாக 17 மீட்டர் உயர்த்துகின்றன.

கை உணர்ந்ததை மின்னோடி எங்ஙனம் உணரும்? பெரும் எந்திரங்களை விடுத்து, ஆய்வுக்கூட மேசையிலுள்ள சிறிய நேர்த்திசை மின்னோடியைக் கொண்டே இதனைக் காண்போம். தமிழாசிரியர்க்கு இது வேண்டாத வேலை என்பாரும் உளர். ஆயினும், 'திருப்பு விசை என்றால் என்ன, ஐயா?' என நம்மிடம் கேட்கும் மாணவர்க்கு விடை சொல்ல வேண்டுமன்றோ!

நெம்புகோலின் நீளத்தையும் அதன் முனையில் செங்குத்தாகத் தரும் விசையையும் பெருக்கினால் கிடைப்பதே திருப்பு விசை. அரை மீட்டர் கோலின் முனையை 20 நியூட்டன் விசையால் தள்ளினால் 10 நியூட்டன் மீட்டர்.

நாம் அறிந்த மாணவர் ஒருவர், பித்தளைக் கம்பியை 10 நியூட்டன் மீட்டர் அளவிற்கு மட்டும் முறுக்கிச் சோதிக்க முனைந்தார். மின்னழுத்தத்தை மாறாது வைத்தார், கம்பி முறிந்தது. காரணம் எளிது. தடையின்றிச் சுழலும் மின்னோடி தன்னுள்ளே எதிர் மின்னியக்கு விசையை உண்டாக்கி, மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். கம்பி எதிர்த்து நிறுத்தியதும் அவ்வெதிர்ப்பு மறைகிறது, மின்னோட்டம் பெருகுகிறது. மின்னோடியின் திருப்பு விசையோ மின்னோட்டத்திற்கு நேர்விகிதத்தில் அமைவது.

ஆகவே கட்டுப்படுத்த வேண்டியது மின்னோட்டத்தையே. சுற்றில் ஒரு சிறு மின்தடையை இணைத்தால், அதன் முனைகளிடை மின்னழுத்தம் மின்னோட்டத்தை அறிவிக்கும். அதனை விரும்பிய அளவோடு ஒப்பிடும் கருவி, நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தை இணைத்தும் துண்டித்தும், இணைந்திருக்கும் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் சமன் செய்கிறது. காற்றை உணர்ந்த கைகளின் வேலையை இங்கு இந்தச் சிறு மின்தடை செய்கிறது எனலாம்.

ஆம்பியருக்கு 0.05 நியூட்டன் மீட்டர் தரும் மின்னோடியில் 4 ஆம்பியர் பாய்ந்தால் 0.2 கிட்டும். பற்சக்கரங்கள் அதனை 50 மடங்காக்கினால் கணக்கின்படி 10. ஆனால் உராய்வு ஐந்தில் ஒரு பங்கை விழுங்கினால் கம்பியை அடைவது 8 மட்டுமே! காந்தம் சூடேறி வலுக்குன்றினால் மேலும் குறையும். அசையாது நின்று முறுக்கும்போது சுருள் விரைவில் சூடாகும். மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்மடங்கு. மின்னோட்டத்தை மட்டும் நம்பியிருத்தல் போதாமைக்கு இதுவே காரணம்.

எனவே கம்பியின் மறுமுனையை அரை மீட்டர் கோலொன்றில் பிணைத்து, கோலின் நுனியை விசையளவி ஒன்றின்மேல் அமர்த்துதல் வேண்டும். அளவி 16 நியூட்டன் காட்டினால் 8 நியூட்டன் மீட்டர்தான் வந்திருக்கிறது. 20 காட்டும்வரை மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாக ஏற்றலாம். அம்மாணவர் அடுத்த முறை அவ்வாறே செய்தார். அளவி 20 காட்டியபோது கம்பி முறுகி நின்றது, முறியவில்லை.