முப்பத்தாறாவது கூடம்

ஒரு வீரன் எவ்வாறு வென்றான் என்று சொல்லும் திரைப்படங்கள் உலகில் ஏராளமாக உண்டு. அவன் தன் வித்தையை எவ்வாறு கற்றான் என்பதை அவசரமின்றிக் காட்டி, அந்தக் கற்றலையே கதையின் ஜீவனாக வைத்துக்கொண்ட படங்கள் மிகச் சில. அந்தச் சிலவற்றுள் தலையாயது என்று நான் கருதுவது, ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் ஸ்தாபனத்தார் 1978-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஷாவோலினின் 36-ஆவது கூடம்’ என்னும் படமாகும். சென்ற வாரம் புரூஸ் லீயைப் பற்றிப் பேசியபோது, மின்னலைப் போன்ற அவருடைய வேகம் ஒரு தலைமுறையையே எப்படிக் கிறங்க வைத்தது என்று பார்த்தோம். இந்த வாரம் நாம் பார்க்கப்போகும் படத்தின் பெருமையோ அதன் நிதானத்தில் இருக்கிறது.

காவிரி பாயும் எங்கள் பிரதேசத்தில், 1980-களின் நடுவில், சம்பா அறுவடை முடிந்து கையில் நாலு காசு புழங்கும் தை, மாசி மாதங்களில், ஊர்ப் பொதுவில் பணம் பிரித்து, மன்னார்குடியிலிருந்தோ கும்பகோணத்திலிருந்தோ டெக்கும் கலர் டீவியும் வாடகைக்கு எடுத்து வந்து, களத்துமேட்டில் விடிய விடியப் படம் போடுவது ஒரு வழக்கமாக இருந்தது. இரண்டு தமிழ்ப் படங்களுக்கு நடுவே, வாலிபர்களின் பிடிவாதத்தால், ‘கராத்தே படம்’ என்று ஜனங்கள் பொதுப்பெயரிட்டு அழைத்த சீனப்படம் ஒன்று கட்டாயம் இடம்பெறும்; இந்தப் படத்தையும் அப்படித்தான் பார்த்தோம். அதில் பேசப்பட்ட ஆங்கிலம் அங்கே கூடியிருந்தவர்களில் பெரும்பாலோருக்கு விளங்காது; விளங்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. இன்னும் படித்துத் தேறாத ஒரு பிள்ளை ஆசானுக்கு முன்னால் நின்று தவிப்பது எந்தப் பாஷையிலும் புரியக்கூடிய விஷயம்.

கதை எளியது. மஞ்சூரியர்களின் ஆட்சிக்குட்பட்ட கான்டன் நகரில், அந்நிய அரசுக்கு எதிராக ரகசியமாய்த் தொண்டாற்றும் ஆசிரியர் ஒருவரிடம் படிக்கும் இளைஞன், அதிகாரிகளின் கொடுமைக்குத் தன் குடும்பத்தையும் நண்பர்களையும் பறிகொடுத்து, காயம்பட்ட உடலோடு ஷாவோலின் மடாலயத்தை வந்தடைகிறான். அங்கே அவனுக்கு உடனே வித்தை கிடைத்துவிடவில்லை. ஓராண்டுக் காலம் துடைப்பத்தைப் பிடித்துப் பெருக்கிய பிறகுதான் வித்தை கற்பிக்கும் 35 கூடங்களின் கதவு அவனுக்குத் திறக்கிறது. எந்தக் கூடத்தில் தொடங்குகிறாய் என்று கேட்டவுடன், இளமைக்கே உரிய அவசரத்தில், அனைத்திலும் உயர்ந்ததான 35-ஆவது கூடத்துக்கே போகிறேன் என்கிறான். அங்கே ஆயுதமில்லை, சண்டையில்லை. சூத்திரங்களை ஓதிக்கொண்டிருக்கும் முதிய துறவிகள் மட்டுமே இருக்கிறார்கள். ஒன்றும் விளங்காமல் தூக்கி எறியப்பட்டு, அடுத்த நாள் கீழ்ப்படியிலிருந்து ஆரம்பிக்கிறான்.

இனி வருவதுதான் படத்தின் சாரமான பகுதி. சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில் ஒரு நீர்த்தொட்டி; அதில் மிதக்கும் மரக்கட்டைகளின் மீது கால் வைத்துத் தாண்டினால் சோறு, தவறி விழுந்தால் நனைந்த துணி காயும்வரை பசி. அடுத்து, இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டித் தண்ணீர் வாளிகளைச் சுமந்து சரிவில் ஏற வேண்டும். கை சற்றே தாழ்ந்தாலும் புஜத்தில் கட்டிய கத்தி விலாவில் குத்தும். நுனியில் கனம் கட்டிய நெடுங்கழியை மறுமுனையில் பிடித்து, மணிக்கட்டின் பலத்தால் மட்டுமே மணியை ஒலிக்கச் செய்வது ஒரு கூடம். தலையின் இருபுறமும் ஊதுவத்திகள் எரிய, முகத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் அசைத்து ஆடும் விளக்கைத் தொடர்வது ஒரு கூடம். தொங்கும் மணல்மூட்டைகளைத் தலையால் முட்டி விலக்கிக்கொண்டு சன்னிதிக்குப் போய் வழிபடுவது ஒரு கூடம். இவற்றுள் எதிலும் எதிரி என்று ஒருவனும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தன் கால், தன் தோள், தன் கண், தன் பொறுமையின்மை இவற்றோடுதான் அந்த இளைஞன் போராடுகிறான்.

தஞ்சைத் தரணியில் பிறந்தவர்களுக்கு இந்தக் காட்சிகள் அந்நியமாகத் தோன்றாததற்குக் காரணம் உண்டு. சிலம்பம் கற்க வரும் பையனிடம் வாத்தியார் முதல் நாளே கம்பைக் கொடுத்துவிடுவதில்லை. காலடி வரிசை படியும்வரை வெறுங்கையோடுதான் அவன் களத்தைச் சுற்றிவர வேண்டும். தவில் கற்கும் பிள்ளைகள் விடியற்காலையில் எழுந்து மரக்கட்டையில் சொற்களை அடித்து அடித்துச் சாதகம் செய்த பிறகே தோலைத் தொடுவார்கள். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவிலும், தஞ்சாவூர் வைத்தியநாத ஐயர் வளர்த்த மிருதங்கப் பரம்பரையும் இத்தகைய நெடிய அப்பியாசத்தால் உருவானவை.

சீனத்துக்கும் நமக்கும் உறவு என்றவுடன் காஞ்சியிலிருந்து சென்றதாகச் சொல்லப்படும் போதிதர்மரை நினைப்பதே இப்போது வழக்கமாகிவிட்டது. அவரை மல்வித்தையோடு இணைக்கும் கதை 17-ஆம் நூற்றாண்டு நூல் ஒன்றிலிருந்து கிளைத்தது என்பது ஆராய்ச்சியாளர்களின் முடிவு. மெய்யான உறவுக்கு அதைவிட உறுதியான சான்றுகள் நம் வயல்களுக்குள்ளேயே இருக்கின்றன. பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களில் சீன நாணயங்கள் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழர் தூதுக்குழுக்கள் சீனப் பேரரசை அடைந்தன. ‘சீனக் கோபுரம்’ என்று அழைக்கப்பட்ட நாகப்பட்டினத்துப் பௌத்தக் கட்டடம் 1867-ல் இடிக்கப்படும்வரை கடலோரத்தில் நின்றுகொண்டிருந்தது.

படத்துக்குத் திரும்புவோம். இதை இயக்கிய லாவ் கார்-லியுங், வோங் ஃபெய்-ஹுங் என்னும் புகழ்பெற்ற ஆசானின் சீடருக்குச் சீடரான தம் தந்தையாரிடமே வித்தை பயின்றவர். கதையின் நாயகனான துறவி சான் டேயாக நடித்த கார்டன் லியுவும் அதே குடும்பத்தில் தத்துப்பிள்ளையாக ஏற்கப்பட்டவர். இத்தகைய பரம்பரையிலிருந்து வந்தவர், சண்டையைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி மாயம் காட்ட விரும்பவில்லை. உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை முழு உருவமும் தெரியும்படி கேமராவைத் தள்ளி நிறுத்தி, அகன்ற திரையின் இரு ஓரங்களையும் பயன்படுத்தி, ஒவ்வொரு அசைவும் தன் முழு அளவில் நிகழ இடம்விட்டார். படத்தின் உயரம் 1 என்றால் அகலம் 2.35. நம் வீட்டுப் பழைய டீவிப் பெட்டியோ உயரம் 3-க்கு அகலம் 4 என்ற கணக்கில் அமைந்தது. அந்தப் பெட்டியை நிறைப்பதற்காகக் கேசட் தயாரித்தவர்கள் இருபுறமும் நறுக்கியதில், 100-க்கு ஏறத்தாழ 43 பங்கு காட்சி காணாமற்போயிற்று. அடி விழும், அடித்தவன் தெரியமாட்டான். தண்ணீர் சுமப்பவனின் முகம் வேதனையில் சுளிக்கும். அந்த வேதனைக்குக் காரணமான வாளிகள் ஓரத்துக்கு வெளியே போயிருக்கும். பிரதியிலிருந்து எடுத்த பிரதிக்கும் ஒரு பிரதியாகையால் வண்ணங்களும் கரைந்து, செங்காவி உடை மங்கிப்போய், முகங்கள் பச்சையோடியிருந்தன. அப்படியிருந்தும் ஜனங்கள் அதைக் கொட்டக் கொட்ட விழித்திருந்து பார்த்தார்கள் என்றால், அது மூலப்படைப்பின் வலிமைக்கு அத்தாட்சி.

இந்நிலை நீடித்ததற்கு உரிமையாளர்களும் ஒரு காரணம். ஷா பிரதர்ஸார் 1980-களின் மத்தியில் திரைப்படத் தயாரிப்பைக் குறைத்துத் தொலைக்காட்சியின் பக்கம் திரும்பிய பிறகு, தம் படங்களை நெடுங்காலம் கிட்டங்கியில் பூட்டியே வைத்திருந்தார்கள். ஏறக்குறைய 760 படங்கள் கொண்ட அந்தப் பொக்கிஷத்தை செலஸ்டியல் பிக்சர்ஸ் என்னும் ஸ்தாபனம் வாங்கி, 2002-ன் இறுதி முதல், துப்புரவு செய்த பிரதிகளை டிவிடியாக வெளியிடத் தொடங்கியது. முழு அகலமும் திரும்பக் கிடைத்தது பேருபகாரம். ஆயினும் பழைய ஒலியோடு புதிய ஓசைகளைக் கலந்துவிட்டார்கள் என்ற குறையை ரசிகர்கள் சொன்னார்கள், அது நியாயமான குறையே. 2007-ல் அமெரிக்காவில் டிராகன் டைனஸ்டி வெளியிட்ட டிவிடி வந்தது. 2022-ல் பிரிட்டனின் ஆரோ வீடியோ, ‘ஷாஸ்கோப்’ தொகுதியின் இரண்டாம் பாகத்தில், இப்படத்தையும் இதன் தொடர்ச்சிகள் இரண்டையும் சேர்த்து, மொத்தம் 14 படங்களை ப்ளூரேயாகக் கொண்டுவந்தது. நம்மூர் வாசகர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: ப்ளூரேத் தட்டுகளுக்கு உலகை மூன்று மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள்; அமெரிக்கா ஏ, பிரிட்டன் பி, இந்தியா சி. ஆகவே அயல்நாட்டுத் தட்டை ஆசையோடு வரவழைப்பவர்கள், எல்லா மண்டலத் தட்டையும் ஏற்கும் கருவி தம்மிடம் உண்டா என்று முன்னதாகவே விசாரித்துக்கொள்வது நல்லது.

முழுமையான பிரதியில் பார்க்கும்போது, கேசட் நாளில் கவனத்தில் பதியாத ஒன்று துலக்கமாகத் தெரிகிறது. 35 கூடங்களையும் முடித்து, மூத்த துறவியிடம் தோற்றுத் தோற்று, கடைசியில் முக்கணுக்கழி என்னும் புதிய ஆயுதத்தையே உண்டாக்கி வென்றவனிடம், எந்தக் கூடத்துக்குத் தலைமையேற்க விரும்புகிறாய் என்று கேட்கிறார்கள். மடத்துக்கு வெளியே இருக்கும் சாமானியர்களுக்குக் கற்பிக்க 36-ஆவதாக ஒரு கூடம் வேண்டும் என்கிறான் அவன். அது விதிக்கு விரோதம் என்று வெளியேற்றப்படுகிறான். அந்தத் தண்டனையே அவன் விருப்பத்துக்கு வழியாகவும் அமைகிறது. பரம்பரைக்குள்ளும் குலத்துக்குள்ளும் அடங்கியிருந்த நாகஸ்வரத்தையும் தவிலையும் எவர் வீட்டுப் பிள்ளையும் சேர்ந்து படிக்கலாம் என்று திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரி வாசல் திறந்ததை அறிந்த நமக்கு, அந்த ஒரு கோரிக்கையின் கனம் எவ்வளவு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

1980-ல் வந்த இரண்டாம் படத்தில், வித்தை கற்க வந்தவனை லாவ் கார்-லியுங் எந்தக் கூடத்துக்குள்ளும் விடவில்லை. மடாலயத்தைப் பழுதுபார்க்க மூங்கில் சாரம் கட்டும் வேலையில் அவனை நிறுத்திவிடுகிறார். முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டே அவன் கையில் வித்தை ஏறுகிறது. கோயில் திருப்பணிக்குச் சவுக்குக் கழிகளால் சாரம் கட்டுவோர் பலரையும் கண்ட ஊர்க்காரன் என்ற முறையில், அதைப் பற்றிச் சற்று விரிவாகவே அடுத்த வாரம் எழுத உத்தேசித்திருக்கிறேன்.

(தொடரும்)