முப்பத்தைந்து நாட்கள்

மணவாள நகரில் குடியிருக்கும் வாசகியருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சமையலை ஒருவழியாக முடித்து, திருவள்ளூர் ஸ்டேஷனுக்கு ஓட்டமும் நடையுமாகப் போய், சென்னை செல்லும் மின்சார ரயிலைப் பிடித்தால் வழியில் ஆவடி வரும். ஆவடி என்றால் டாங்கிதான் எல்லோருக்கும் ஞாபகம். பட்டாளத்தாருக்கு உடை தைக்கும் தொழிற்சாலையும் அங்கே உண்டு, 1961-ல் ஏற்பட்டது. தைக்கிறவருக்கு அளவு தெரியும், ஆள் தெரியாது. அந்தச் சட்டை எந்த மலைக்குப் போகும், அதற்குள் யார் பிள்ளை இருப்பான் என்று யாரைக் கேட்பது?

திருச்சியிலிருந்து அப்படிப் போன ஒரு பிள்ளைதான் மேஜர் சரவணன். செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தவர். 1995-ல் ராணுவ அதிகாரியாகி, பீகார் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியனில் சேர்ந்தார். தமிழ்ப் பிள்ளைக்குப் பீகார் பட்டாளம்! நம் ராணுவத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை.

1999-ல் கார்கில் யுத்தம் வந்தது. பதாலிக் பகுதியில் ஏறத்தாழ 14,000 அடி உயரத்தில் ஒரு சிகரம். மேலே பதுங்கு குழிகளில் எதிரி. கீழே நம் ஜவான்கள். நம் வீட்டு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. அவர்களோ காற்றே மெலிந்த அந்த மலையில், இருட்டில், துப்பாக்கியும் குண்டும் சுமந்து ஏறினார்கள். சரவணன் ராக்கெட் லாஞ்சரால் எதிரியின் நிலையைத் தாக்கினார். காயம் பட்டும் பின்வாங்கவில்லை. மே 29-ம் தேதி அங்கேயே வீழ்ந்தார். வயது 26.

பத்திரிகைச் செய்தி இவ்வளவோடு முடிந்துவிடும். பெற்றவளுக்கு முடியுமா? மேலிருந்து குண்டு பொழிந்துகொண்டிருந்ததால் உடலைக் கீழே கொண்டுவர முடியவில்லை. ஜூன் மாதம் முழுவதும் அந்தச் சரிவிலேயே கிடந்தது. ஜூலை 3-ம் தேதிதான் மீட்டார்கள். முப்பத்தைந்து நாட்கள்! பிள்ளை இல்லை என்று தெரியும். முகம் பார்க்க வழியில்லை. நம் வீடுகளில் ஓர் இழவு விழுந்தால் பத்தாம் நாள், பதினாறாம் நாள் என்று துக்கத்துக்குக்கூட ஒரு கணக்கு இருக்கிறது. அந்தத் தாய் எந்த நாளிலிருந்து எண்ணியிருப்பாள், சொல்லுங்கள்?

அந்த யுத்தத்தில் இந்தியா இழந்தது 527 வீரர்களை. காயமடைந்தவர்கள் 1,300-க்கும் மேல். கையோ காலோ இழந்து திரும்பிய பிள்ளைக்குச் சோறு ஊட்டிய தாய்மாரையும் மனைவிமாரையும் யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை.

சரவணனுக்கு வீர் சக்ரா விருது வழங்கப்பட்டது. திருச்சியில் வெஸ்ட்ரி பள்ளிக்கு அருகே அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. மே 29 வந்தால் அங்கே மலர் வைக்கிறார்கள்.